எரிந்த கட்சி, எரியாத கட்சி

மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்ற வழக்கு எங்கள் ஊரில் இன்னும் தீரவில்லை. கடைசியாக அது சபைக்கு வந்தது எந்த மாசியில் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 1977 நவம்பர்ப் புயலுக்குப் பிறகு வந்த மாசியோடு சரி என்கிறார் ஒருவர். அதெல்லாம் இல்லை, பஞ்சாயத்து டிவி வந்த பிறகும் இரண்டு மூன்று வருஷம் நடந்தது என்கிறார் இன்னொருவர். இருவரும் அந்தக் காலத்தில் எதிரெதிர் வரிசையில் பின்பாட்டுப் பாடியவர்கள். இதில் மட்டும் எப்படி ஒத்துப்போவார்கள்?

வேதாரண்யம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு உப்பும் கோடியக்கரை மானும்தான் நினைவுக்கு வரும். கிழக்கே அப்படித்தான்: மணல், சவுக்கு, மாந்தோப்பு, புகையிலைக் கொல்லை, அகத்தியம்பள்ளி உப்பளம். மேற்கே ஆயக்காரன்புலம், தகட்டூர், வாய்மேடு என்று போகப் போக நெல் பூமி. காவிரியின் கடைமடை. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும்போது பாதி நாள் மழையும் சேர்ந்தே வந்துவிடும். சம்பா ஒரு போகம்தான். அறுப்புக்குச் சில நாள் முன்னால், ஈரம் இருக்கும்போதே, நிற்கிற கதிருக்கு நடுவில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். தையில் நெல் களத்துக்கு வந்துவிடும். மாசியில் உளுந்து தானாக வளரும். மனுஷனுக்கு வேலை குறைவு, குதிரில் நெல் இருக்கும், மடியில் நாலு காசும் இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மன்மதன் எரிய வருவான்.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் நடுவார்கள். ஆமணக்குக் கொம்பும் கரும்பும் சேர்த்து நட்டு, வைக்கோல் பிரி சுற்றி, அடியில் வரட்டி அடுக்குவார்கள். பௌர்ணமி ராத்திரி அதைக் கொளுத்துகிற வரைக்கும் கோயிலடியில் ஒவ்வொரு ராத்திரியும் ஏதாவது ஒன்று நடக்கும். பையன்களான எங்களுக்கு வரட்டி திருடுவது ஒரு வேலை. சொந்த வீட்டு வரட்டியைத் திருடுவதில் பெருமை இல்லை. எதிர்த்தெரு அத்தை வீட்டு வரட்டிக்குத்தான் மதிப்பு. மறுநாள் காலையில் அத்தை தெருவில் நின்று வைகிற வசவும் பண்டிகையில் சேர்த்திதான்.

ஆனால் ஊர் கூடுவது லாவணிக்கு. அது கடைசி இரண்டு மூன்று ராத்திரிகளில் வைப்பார்கள். ஒரு பக்கம் எரிந்த கட்சி: சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார், மன்மதன் சாம்பலானான், அதோடு கதை முடிந்தது என்பது அவர்கள் வாதம். எதிர்ப்பக்கம் எரியாத கட்சி: எரிந்தவன் எப்படி இன்றைக்கும் ஆளுக்கு ஆள் அம்பு விட்டுக்கொண்டிருக்கிறான், ரதி கழுத்தில் தாலி எப்படி நின்றது என்று கேட்பார்கள். கையில் டேப் என்கிற வட்ட வாத்தியம். பக்கத்தில் ஒருவர் துந்தனாவை ஒற்றைத் தந்தியில் தொணதொணவென்று மீட்டிக்கொண்டிருப்பார். பிள்ளையார் வணக்கம், குரு வணக்கம், சபை வணக்கம் எல்லாம் முடிந்த பிறகு கேள்வி விழும். கேள்வி எந்தச் சந்தத்தில் வந்ததோ அதே சந்தத்தில் பதில் போக வேண்டும். பதில் சொல்லிவிட்டுச் சும்மா உட்காரவும் முடியாது. வாலில் ஒரு கேள்வியைக் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும்.

இது மராத்தியர் கொண்டுவந்த சரக்கு. 17ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலில் ஏகோஜி தஞ்சையைப் பிடித்ததிலிருந்து 1855இல் அந்த அரசு முடிகிற வரை அரண்மனையில் மராத்தி புழங்கியது. மகாராஷ்டிரத்தில் லாவணி பாடுகிற சாயிர்கள் கல்கி என்றும் துரா என்றும் இரண்டு அணியாகப் பிரிந்து, சக்தி பெரிதா சிவம் பெரிதா என்று விடிய விடியப் பாடுவார்கள். அவர்கள் கையிலும் டஃப்பும் துந்துனாவும்தான். தஞ்சைக்கு வந்த லாவணி அரண்மனையை விட்டு இறங்கி, வாய்க்கால் வரப்பு வழியாகக் கடைமடை வரைக்கும் நடந்திருக்கிறது. வந்த இடத்தில் சக்தி சிவம் சண்டையை விட்டுவிட்டு மன்மதனைப் பிடித்துக்கொண்டது. அதற்கும் காரணம் இருக்கிறது. சிவன் காமனை எரித்த தலமாகச் சொல்லப்படுகிற திருக்குறுக்கை மாயவரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எட்டு வீரட்டத் தலங்களில் ஒன்று அது. எங்களுக்கு மன்மதன் அடுத்த தாலுகாவில் இறந்துபோன சொந்தக்காரன் மாதிரி.

கந்தபுராணம் படித்தவர்களுக்குத் தெரியும். ரதி அழுது மன்றாடிய பிறகு, அவன் உன் கண்ணுக்கு மட்டும் உருவோடு தெரிவான், மற்றவர்களுக்கு உருவில்லாதவன் என்று சிவன் வரம் தருகிறார். அதாவது எரிந்ததும் உண்மை, எரியாததும் உண்மை. இது அந்தப் பாட்டுக்காரர்களுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தீராத வழக்காகப் பார்த்து எடுத்ததில்தான் அவர்கள் சாமர்த்தியம் இருக்கிறது. இரண்டு பக்கமும் புராணம் துணைக்கு நிற்கிறதால் எவரும் வாயடைத்துப் போக வேண்டியதில்லை. அடுத்த கேள்வியை யோசிக்க வேண்டியதுதான்.

எங்கள் உறவில் மாமா முறையாகிற ஒருவர் எரிந்த கட்சிக்குப் பாடினார். பகலில் மாட்டுத் தரகு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் ஒன்றை யாராவது உரக்கப் படித்தால் ஒரு தடவை கேட்டே மனசில் போட்டுக்கொள்வார். டேப்பின் தோல் பனியில் நமத்துப்போகும் என்பதால் பாட்டுக்கு நடுநடுவே வைக்கோல் தீயில் காட்டிச் சூடேற்றுவார். பதில் யோசிக்க அவகாசம் வேண்டியிருந்தாலும் அதே வைத்தியம்தான். நமக்குத் தெரியாது, எதிராளிக்குத் தெரியும். "தோல் நமத்துச்சா, மூளை நமத்துச்சா?" என்று அவர் சந்தம் பிசகாமல் ஒரு குத்துக் குத்துவார். கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

இதற்கு நடுவர் கிடையாது. எங்கள் அப்பாயி மாதிரியான கிழவிகள்தான் நடுவர். முன் வரிசையில் வெற்றிலை உரலோடு உட்கார்ந்திருப்பார்கள். பதில் சப்பென்று இருந்தால் உரலை இடிக்கிற சத்தம் கூடும். அப்பாயிக்குப் பெரிய புராண அறிவெல்லாம் இல்லை. ஆனால் சந்தம் இடறினால் உடனே தெரிந்துவிடும். "கால் தட்டுது பாரு" என்பாள். வாழ்நாள் முழுக்க நடவு வயலில் பாடியே கழித்தவளுக்குப் பாட்டு எங்கே தடுக்கி விழுகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு மணி வாக்கில் கூட்டத்தின் ஒரு ஓரம் எழுந்துகொள்ளும். அவர்கள் கிழக்கே உப்பளத்துக்குப் போகிறவர்கள். வெயிலுக்கு முன்னால் உப்பு வாரியாக வேண்டும். பதில் என்ன வந்தது என்று மறுநாள் சாயங்காலம் வந்து விசாரிப்பார்கள்.

இவ்வளவு ஆசையாக எழுதும்போது ஒன்றை மூடிவைக்கக் கூடாது. அந்தச் சபை எல்லோருக்கும் ஒரே சபையாக இருந்ததில்லை. தெருக்காரர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். சேரியிலிருந்து வந்தவர்கள் தூரத்தில் நின்றார்கள், அல்லது தங்கள் பக்கத்தில் தனியாகக் காமன் நட்டார்கள். வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்தது 1968 டிசம்பர் 25இல், இதே கீழத்தஞ்சையில். எரிந்தானா இல்லையா என்று விளையாட்டாகப் பாடிக்கொண்டிருந்த ஊர்களுக்கு அது பக்கத்து ஊர். அதற்கு அடுத்த மாசியில் எங்கள் ஊரில் லாவணி வைத்தார்களா என்று நான் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை.

மாசியில் வேதாரண்யம் கோயிலிலும் ஒரு பாட்டு விவகாரம் உண்டு. திருமறைக்காட்டில் வேதங்கள் பூசை செய்து அடைத்துவிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது ஐதீகம். மாசி மகத் திருவிழாவில் அதை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். அப்பர் பதிகம் முழுக்கப் பாடி முடித்துத்தான் கதவு அசைந்தது. சம்பந்தருக்கோ முதல் பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. அப்பருக்கு அதில் மனக்குறை என்று பெரிய புராணம் சொல்கிறது. மாமா இதை விடுவாரா? திறப்பது கஷ்டமா, அடைப்பது கஷ்டமா என்று ஒருமுறை கேட்டார். எதிராளி உழவாரப் படை பிடித்த கிழவருக்குக் கதவு பாரம், ஞானப்பால் குடித்த பிள்ளைக்குக் கதவு விளையாட்டு என்கிற மாதிரி ஒரு பதில் கட்டினார். அம்மனுக்கே யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர் வைத்த ஊர் இது. பாட்டிலே போட்டி என்பது இங்கே புதிதில்லை.

1930க்கும் ஒரு கேள்வி இருந்தது. ராஜாஜி ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து புறப்பட்டு, 28இல் வேதாரண்யம் வந்து, 30இல் அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்தார். நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டைத் தொண்டர்கள் வழிநெடுகப் பாடிக்கொண்டு வந்தார்கள். அந்த நாளில் வைரப்பன் என்ற நாவிதர், தான் சவரம் செய்துகொண்டிருப்பது போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை மடக்கி வைத்துவிட்டார். அவருக்கு நினைவுத்தூணே இருக்கிறது. மாமா கேட்டது இதுதான்: சிவன் எரித்தது முழு மன்மதனையா, வைரப்பன் விட்டுவைத்த மாதிரிப் பாதி மன்மதனையா? எரியாத கட்சிக்காரர் சிரித்துவிட்டார். சிரித்தால் அந்தச் சுற்று போச்சு.

இப்படிப்பட்ட ஒன்று எப்படி அற்றுப்போகும் என்று வியப்பாக இருக்கிறது. ஆனால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பாதியைச் சினிமா எடுத்துக்கொண்டது. அதையும் நன்றாகத்தான் எடுத்துக்கொண்டது. 1957இல் வந்த 'சக்கரவர்த்தித் திருமகள்' படத்தில் எம்.ஜி.ஆரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கேள்வியும் பதிலுமாக மோதுகிற பாட்டை இன்று கேட்டாலும் லாவணி எப்படிப்பட்டது என்று விளங்கும். எம்.ஜி.ஆருக்குக் குரல் கொடுத்த சீர்காழி கோவிந்தராஜன் எங்கள் டெல்டாக்காரர். மீதிப் பாதி பட்டிமன்றத்துக்குப் போனது. வாதம் அப்படியே இருந்தது, சந்தம் கழன்றுவிட்டது. நடுவர் என்று ஒருவர் வந்து கடைசியில் தீர்ப்புச் சொல்லி, வந்தவர்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பினார். லாவணிக்காரர்கள் யாரையும் நிம்மதியாக அனுப்பியதில்லை. அதற்குள் அறுப்பு மிஷின் வந்தது, நடவுக்கும் மிஷின் வந்தது. இளவட்டங்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். எரிந்த கட்சிக்காரர் ஊரில் இருந்த வருஷம் எரியாத கட்சிக்காரர் இல்லை. ஒரு கை தட்டி ஓசை வருமா?

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் எங்கள் கரையில் ஏறியபோது மாமா வீட்டு ஓடு முழுக்கப் போய்விட்டது. அவர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். பரணில் கிடந்த அவருடைய நோட்டை மாமி வெயிலில் காயப்போட்டிருந்தாள். யாரோ ஒரு பள்ளிக்கூடப் பையனை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்தது. ஈரத்தில் மை கரைந்தது போக மீதியைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் கேள்விகள். ஒரு பதில்கூட இல்லை. மாமியிடம் சொன்னேன். "பதில எதுக்குத் தம்பி எழுதணும்? அது அவன் சொல்றதப் பொறுத்துல்ல இருக்கு" என்றாள்.

நாட்டுப் பாடல்களைக் காப்பாற்றியவர்கள் என்று நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்கள் பலர். மாயவரத்துப் பக்கம் திருச்சிற்றம்பலத்தில் இருந்த மு. அருணாசலம் 'காற்றிலே மிதந்த கவிதை' என்று தொகுத்தார். பெர்சி மக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சேர்த்து வைத்த பாட்டுகளைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958இல் தஞ்சை சரசுவதி மகால் 'மலையருவி' என்று வெளியிட்டது. நா. வானமாமலை தெற்கத்திச் சீமையில் அந்தப் பணியைத் தலைமேல் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்து ஊரான புஷ்பவனத்திலிருந்து போன குப்புசாமி, வயல்காட்டுப் பாட்டைக் கேசட்டிலும் டிவியிலும் ஏற்றி, அதைப் பாட வெட்கப்பட்ட ஒரு தலைமுறையின் வெட்கத்தைப் போக்கினார். தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் இவர்களால் ஏதோ ஒரு வடிவில் மிஞ்சியிருக்கின்றன. அந்தப் பாட்டுகளைத் தனி ஆளாகப் பாடலாம். எழுதி வைத்தாலும் முக்கால் பங்கு நிற்கும். லாவணி அப்படி நிற்காது. நேற்று பாடிய பதிலை இன்று அச்சில் படித்தால் அதில் என்ன இருக்கிறது? எதிரே ஒருவன் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால்தான் அந்த வரி வந்தது.

அரசு விழாக்களிலும் லாவணிக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. கொடுக்கட்டும். 2007இல் சென்னை சங்கமம் தொடங்கியதிலிருந்து பூங்காவிலும் கடற்கரையிலும் கரகமும் பறையும் ஒலிப்பதைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பத்து நிமிஷம் ஒதுக்கி, இரண்டு கட்சிக்கும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு லாவணியை மேடையேற்றினால் அது பாட்டாக இருக்கலாம், லாவணி இல்லை. கோபம் ஏறவே ஒரு மணி நேரம் ஆகும்.

பிலிப்பைன்ஸில் பிகோல் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தென்னங்கள் குடிக்க உட்காரும்போது கோப்பையைத் தூக்கிப் பிடித்து, உடனே கட்டிச் சொல்கிற சின்னஞ்சிறு பாட்டுக்கு திக்சிக் என்று பெயர். ஒருவர் சொன்னதும் அடுத்தவர் சொல்ல வேண்டும். அதுவும் மங்கிப்போய், இப்போது அங்குள்ள கவிஞர்களும் ஆசிரியர்களும் மறுபடி கைக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தலைப்பு அங்கேயே கொடுக்கப்படும், நின்ற இடத்தில் பாட வேண்டும். பெர்ட்சோலாரி என்று அந்தப் பாட்டுக்காரர்களுக்குப் பெயர். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற இறுதிப் போட்டியைக் கேட்க ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். பழைய பாட்டுகளைத் தொகுத்ததோடு நிற்காமல், பாட்டுக் கட்டுகிற வித்தையைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததால் வந்த கூட்டம் அது. பரணில் நெல்லைக் கட்டி வைப்பதும் விதைப்பதும் ஒன்றில்லை என்று கடைமடைக்காரனான எனக்கு அவர்கள் சொல்லித் தர வேண்டியதாயிற்று.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களில், காமன் கூத்து மாசியில் ஊன்றி ஆடப்படுகிறது. ரதியும் மதனும் வேஷம் கட்டி லயன்களைச் சுற்றி வருகிறார்கள். வீரபத்திரன் வருகிறார், எமன் வருகிறார், தப்பு முழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு போன மன்மதன் அவன். குடியுரிமை பறிபோய், 1964 ஒப்பந்தத்தில் ஏராளமானவர்களைக் கப்பலேற்றி அனுப்பிய பிறகும் மிச்சம் இருந்தவர்கள் அவனை விடவில்லை. நாங்கள் ஊரோடு இருந்துகொண்டே விட்டுவிட்டோம்.

இந்த எண்ணமெல்லாம் இப்போது வரக் காரணம் என் அக்காள் பேரன். கல்லூரி முடித்துவிட்டுத் திருப்பூரில் வேலை பார்க்கிறான். காதில் எந்நேரமும் ராப். மலேசியாவில் யோகி பி கூட்டம் கிளப்பிவிட்ட தமிழ் ராப்பிலிருந்து நேற்று வந்தது வரை அவனுக்கு அத்துப்படி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் தாளத்தோடு தாக்குகிற ஒரு வீடியோவைப் போன பொங்கலுக்குக் காட்டினான். பார்த்துக்கொண்டே இருந்தேன். "தாத்தா, பிடிக்கலையா?" என்றான். மாமாவின் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு தொடையில் தட்டித் தட்டிப் பார்த்தவன், சந்தம் சில இடத்தில் பிடிபடவில்லை, யாராவது பாடிக் காட்ட முடியுமா என்றான். உச்சரிப்பு கொஞ்சம் நகரத்து வாடை அடிக்கிறது. ஆனால் கால் தட்டவில்லை. அப்பாயி இருந்தால் உரலை நிறுத்தியிருப்பாள்.

எரியாத கட்சிக்குப் பின்பாட்டுப் பாடியவரிடம் அழைத்துப் போனேன். எண்பது தாண்டிவிட்டது; கண் மங்கல், காது பரவாயில்லை. பையன் ராப் மெட்டிலேயே நோட்டிலிருந்து ஒரு கேள்வியைப் போட்டான். கிழவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இது பழைய கேள்வி, இதற்குப் பதில் சொல்லி நாற்பது வருஷம் ஆகிறது, புதுசாக இருந்தால் கேள் என்றார். பையன் முழித்தான். "ஏன் மாப்ளே, மாட்டுத் தரகன் பேரப்புள்ளைக்கிச் சொந்தமா ஒரு கேள்வி வராதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். வருகிற மாசிக்குள் மூன்று கேள்வியாவது சொந்தமாகக் கட்டிக்கொண்டு வந்தால்தான் எதிரே உட்காருவேன் என்று சொல்லிவிட்டார். போட்டிக்கு டேப் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அது உன் கட்சிப் பாடு என்றார்.

பையன் இதுவரை ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறான். கும்பகோணம் பக்கம் யாராவது இன்னும் டேப் கட்டுகிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.